அடுப்பங்கரையில் ஒளிந்திருந்த ஏடு

படிக்கத் தெரியாததை வெளியில் சொல்ல வெட்கப்படுபவர்களை நமக்குத் தெரியும். படிக்கத் தெரிந்ததை வெளியில் சொல்லப் பயந்து, வருடக்கணக்கில் மறைத்து வைத்த ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? வங்காளத்தில் ஒரு ஜமீன் குடும்பத்து மருமகள் அப்படித்தான் வாழ்ந்தார். பெயர் ராசசுந்தரி தேவி. பள்ளிக்கூடம் கிடையாது, வாத்தியார் கிடையாது. சமையல் செய்துகொண்டே, முக்காட்டுக்குள் ஒளித்து வைத்த ஒற்றை ஏட்டைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டவர் அவர். பிற்காலத்தில் அதே பெண் தன் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். 1876-ல் வெளிவந்த "ஆமார் ஜீபன்" (என் வாழ்க்கை) என்ற அந்த நூல்தான் வங்க மொழியின் முதல் முழுமையான தன்வரலாறு என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். பெரிய பெரிய பண்டிதர்களும் சீர்திருத்தவாதிகளும் நிறைந்திருந்த வங்காளத்தில், முதல் தன்வரலாற்றை எழுதியது ஒரு கிராமத்து இல்லத்தரசி!

பிறப்பும் சிறுவயதும்

ராசசுந்தரி பிறந்தது ஏறத்தாழ 1809-ல், அன்றைய பாப்னா மாவட்டத்தின் பொதாஜியா என்ற கிராமத்தில். இப்போது அது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பாவைச் சிறுவயதிலேயே இழந்தவர். அம்மாதான் எல்லாம். மிகவும் பயந்த சுபாவம் கொண்ட குழந்தை. கூட விளையாடும் பெண் அடித்தால்கூட யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டு நிற்கும். பயம் வந்தால் குலதெய்வம் தயாமாதவனைக் கூப்பிடு என்று அம்மா சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தை கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

அவர்கள் வீட்டிலேயே ஊர்ப் பையன்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார். எட்டு வயது ராசசுந்தரியையும் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். படிப்பதற்காக அல்ல, வீட்டுப் பெரியவர்கள் கண்முன் பத்திரமாக இருப்பதற்காக! பையன்கள் உரக்கச் சொல்லும் எழுத்துகளை அந்தக் குழந்தை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. தனக்கும் அது காதில் விழுகிறது, மனதில் தங்குகிறது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. பின்னர் ஒரு தீ விபத்தோடு அந்தப் பள்ளிக்கூடமும் முடிந்துபோனது.

பன்னிரண்டு வயதில் கல்யாணம். பரித்பூர் பகுதியில் இருந்த ராம்தியா என்ற கிராமத்துக்கு மருமகளாகப் போனார். அம்மாவை விட்டுப் பிரிந்து, முன்பின் தெரியாத ஊருக்குப் படகில் அழைத்துச் செல்லப்பட்டபோது, பலி கொடுக்க இழுத்துப் போகும் ஆட்டின் நிலைமையோடு தன்னை ஒப்பிட்டு எழுதுகிறார். இத்தனைக்கும் மாமியார் கொடுமைக்காரர் இல்லை. வந்த குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சியவர். கணவரும் நல்லவர் என்றே எழுதுகிறார். ஆமார் ஜீபனில் வில்லன் என்று யாருமே கிடையாது. எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தும் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படிச் சிறையாக முடியும் என்பதை அது காட்டுகிறது.

ஒரு நாள் எப்படிப் போனது?

சில ஆண்டுகளில் மாமியார் நோயில் விழுந்து கண்பார்வையை இழந்தார். வீட்டுப் பொறுப்பு முழுவதும் மருமகளின் தலையில் விழுந்தது. வேலைக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கு வெளிவேலை மட்டும்தான். சமையலறைக்குள் ராசசுந்தரி ஒருவர்தான். வீட்டுத் தெய்வத்துக்கு நைவேத்தியம், நோயாளி மாமியாருக்குப் பணிவிடை, விருந்தாளிகளுக்குச் சாப்பாடு, வீட்டு ஆட்களுக்கு இரண்டு வேளைச் சமையல். கிட்டத்தட்ட இருபத்தைந்து பேருக்குத் தினமும் பொங்கிப் போட வேண்டும்.

இதற்கு நடுவில் பிள்ளைப்பேறு. பதினெட்டு வயதில் முதல் குழந்தை, நாற்பத்தொரு வயதில் கடைசிக் குழந்தை. மொத்தம் பன்னிரண்டு. அவர்களில் பலரைத் தன் கண்ணெதிரிலேயே பறிகொடுத்தார்.

அந்தக் காலத்து மருமகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் சட்டதிட்டங்கள் இருந்தன. முரட்டுத் துணி உடுத்தி, மார்புவரை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்களிடம் பேசக் கூடாது. தன் காலடியைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. கண்ணைக் கட்டிச் செக்கில் பூட்டிய மாட்டை உதாரணம் காட்டுகிறார் அவர். நமக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை, செக்குமாடு என்றால் தமிழில் எல்லோருக்கும் புரியும்.

இரண்டு நாள் பட்டினி கிடந்த கதை ஒன்று புத்தகத்தில் வருகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிட உட்காரும் நேரத்தில் விருந்தாளி வந்துவிடுகிறார், தன் பங்குச் சோற்றை அவருக்குப் போட்டுவிடுகிறார். இரவில் உட்கார்ந்தால் குழந்தை அழுகிறது, காற்றும் மழையும் வந்து விளக்கு அணைகிறது. மறுநாளும் இதே மாதிரி ஏதோ ஒன்று. வீடு நிறைய அரிசி இருக்கிறது, சமைத்தவரும் அவரேதான், ஆனால் அவர் வயிற்றில் ஒன்றுமில்லை. அது யாருக்கும் தெரியவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. தான் சாப்பிடவில்லை என்று ஒரு பெண் தானாகச் சொல்வதே வெட்கம் என்று நினைத்த காலம் அது.

இன்னொரு சம்பவம் சிரிப்பையும் வேதனையையும் சேர்த்தே வரவழைக்கும். அவருடைய கணவருக்கு ஜயஹரி என்று ஒரு குதிரை இருந்தது. ஒருநாள் முற்றத்தில் குவித்திருந்த நெல்லை அந்தக் குதிரை தின்றுகொண்டிருந்தது. ராசசுந்தரிக்கு வெளியே வரவேண்டிய வேலை இருக்கிறது, ஆனால் வரவில்லை. ஏன் தெரியுமா? அது கணவரின் குதிரை! கணவருடைய குதிரையின் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்ற கூச்சம்! பிள்ளை வந்து, அது வெறும் குதிரைதான் அம்மா என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தார். பிற்காலத்தில் இதை எழுதும்போது, மனிதர்கள் என்ன, குதிரையைப் பார்த்துக்கூடப் பயந்தேனே என்று தன்னையே நினைத்து வெட்கப்படுகிறார். பயம் எவ்வளவு ஆழமாக ஊட்டப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஏன் படிக்கக் கூடாது?

பெண் படித்தால் விதவை ஆகிவிடுவாள் என்ற நம்பிக்கை அன்றைய வங்காளத்தில் பரவலாக இருந்தது. இது யாரோ பிற்காலத்தில் கட்டிவிட்ட கதை இல்லை. 1835-லிருந்து 1838 வரை வங்காளத்தின் கல்வி நிலையை ஆராய்ந்து அரசுக்கு மூன்று அறிக்கைகள் கொடுத்த வில்லியம் ஆடம், இந்த நம்பிக்கையைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறார். சில ஜமீன்தார் குடும்பங்கள் மட்டும் சொத்தைக் காப்பாற்றுவதற்காகத் தங்கள் பெண்களுக்கு ஓரளவு எழுத்துச் சொல்லிக் கொடுத்தன என்றும், ஆனால் அதை வெளியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

ஆடம் அந்த அறிக்கைகளுக்காக ஊர் ஊராகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த, ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், ராம்தியா கிராமத்தின் ஒரு சமையலறையில் ராசசுந்தரி யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் பெயர் வந்திருக்க வாய்ப்பில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கே தெரியாதே!

திருடிய ஏடு

அவருக்குப் படிக்க ஆசை வந்தது உத்தியோகத்துக்காகவோ கௌரவத்துக்காகவோ அல்ல. கடவுளைப் பற்றிய புத்தகங்களைத் தானே படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. இந்த ஆசையே தப்போ என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார், பிறகு கடவுளிடமே முறையிடுவார். ஒருநாள் இரவு, தான் சைதன்ய பாகவதம் படிப்பது போலக் கனவு கண்டார். பதினாறாம் நூற்றாண்டில் பிருந்தாவன தாசர் வங்க மொழியில் எழுதிய சைதன்யரின் வாழ்க்கை வரலாறு அது. அந்தப் புத்தகம் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் தெய்வச் செயல் என்றே நம்புகிறார். அவர் சமையலறையில் இருக்கும்போது கணவர் வந்து, எட்டு வயது மூத்த மகன் பிபினிடம், சைதன்ய பாகவதத்தை இங்கே வைக்கிறேன், கேட்கும்போது எடுத்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்த ராசசுந்தரியின் காதில் அது விழுந்தது. வெளியே வந்து அந்தச் சுவடியைப் பார்த்து, மேலே இருந்த மரப்பலகையின் படத்தை அடையாளம் வைத்துக்கொண்டார். அந்தக் காலச் சுவடி இன்றைய புத்தகம் போலத் தைக்கப்பட்டதல்ல. தனித்தனி ஏடுகளை இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு ஏட்டை மட்டும் உருவி எடுத்து ஒளித்துக்கொண்டார்.

ஏடு கிடைத்துவிட்டது, ஆனால் எழுத்து தெரியாதே? அடுத்த திருட்டு தன் மகனிடம்! பிபின் எழுதிப் பழகிய பனையோலைகளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். இப்போது அவர் கையில் மூன்று விஷயங்கள் இருந்தன: அச்சாக வரிசையில் எழுத்துகள் இருக்கும் மகனின் ஓலை, வாக்கியமாக எழுத்துகள் இருக்கும் சுவடியின் ஏடு, சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் காதால் கேட்டு மனதில் தங்கிய ஒலிகள். ஓலையில் இருக்கும் எழுத்தை ஏட்டில் தேடுவார், அதை மனதில் இருக்கும் ஒலியோடு பொருத்திப் பார்ப்பார்.

எப்போது? சமைக்கும்போதுதான். இடது கையில் ஏடு, வலது கையில் கரண்டி. முக்காட்டுக்குள் ஒரு நொடி பார்வை, உடனே மறைத்துவிட வேண்டும். அந்த ஏட்டை வைக்கத் தனக்கென்று ஓர் இடம்கூட அந்தப் பெரிய வீட்டில் இல்லாததால் அடுப்பங்கரையில்தான் ஒளித்து வைத்தார். எந்த முக்காடு அவரை உலகத்திலிருந்து மறைத்ததோ, அதே முக்காடு அவருடைய படிப்பையும் மறைத்துக் காப்பாற்றியது.

பல நாள் உழைப்புக்குப் பிறகு தட்டுத்தடுமாறிப் படிக்க வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறு இருக்கும். பிறகு நடந்ததுதான் அவரே எதிர்பார்க்காதது. விதவைகளாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த நாத்தனார்களுக்கு விஷயம் தெரிந்தது. திட்டுவார்கள் என்று பயந்தார். அவர்களோ சந்தோஷப்பட்டார்கள்! மதியத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்து அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று வாசலில் காவல்கூட வைத்தார்கள். படிக்கும் ஆசை அவர் ஒருவருக்கு மட்டுமா இருந்தது? ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து மனதுக்குள் பூட்டி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

படிப்பு வேறு, எழுத்து வேறு

இன்று எழுதுவதையும் படிப்பதையும் ஒன்றாகவே கற்றுக்கொள்கிறோம். அன்று அப்படியில்லை. படிப்பதற்குக் கையில் ஓர் ஏடு போதும், மறைத்துக்கொள்ளலாம். எழுத வேண்டுமென்றால் காகிதம், பேனா, மைக்கூடு எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார வேண்டும். மறைக்க முடியாது. அதனால் படிக்கக் கற்ற பிறகும் பல வருடங்கள் அவருக்கு எழுதத் தெரியாது.

கல்கத்தாவில் படித்த மகன் கிஷோரிலால், நான் போடும் கடிதங்களுக்கு நீங்கள் ஏன் பதில் எழுதுவதில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டு, காகிதமும் பேனாவும் மையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தாய்க்குத் தர்மசங்கடம். கணவரின் சிகிச்சைக்காக இன்னொரு மகனின் வீட்டில் தங்க நேர்ந்தபோதுதான், வீட்டு வேலை குறைவாக இருந்ததால் எழுதப் பழகினார். பிள்ளைகள் பெரியவர்களாகி அம்மா எழுதக் காத்திருந்த பிறகே அது நடந்தது.

தாயின் மரணம்

புத்தகத்தில் அவர் குரல் உயரும் இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று அம்மாவின் மரணம். சாகும் தறுவாயில் அம்மா மகளைப் பார்க்க ஆசைப்பட்டார், ஆனால் புகுந்த வீட்டு வேலையை விட்டுவிட்டுப் போக அவருக்கு அனுமதி இல்லை. ஆண்பிள்ளையாகப் பிறந்திருந்தால் எங்கிருந்தாலும் பறந்து போயிருப்பேன், நான் கூண்டுப் பறவையாயிற்றே என்ற பொருள்பட எழுதிப் புலம்புகிறார். அப்போதும் இன்னாரால் தடுக்கப்பட்டேன் என்று ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. முப்பது நாற்பது வருடம் கழித்தும் அந்த வலி அப்படியே இருக்கிறது.

இன்னொன்று விதவைக் கோலம். ஏறத்தாழ அறுபது வயதில் கணவரை இழந்தார். தலையை மழிப்பது சாவைவிடக் கொடுமையானது என்று வெளிப்படையாக எழுதினார். பக்தியிலும் அடக்கத்திலும் ஊறிய ஒரு வயதான பெண்மணி இப்படி எழுதி அச்சிலும் ஏற்றினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டங்கள் எங்கே?

ராசசுந்தரியின் ஆயுட்காலத்தில் வங்காளத்தில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1829-ல் உடன்கட்டை ஏறுதல் தடை செய்யப்பட்டது. 1849-ல் கல்கத்தாவில் பெண்களுக்காக பெத்யூன் பள்ளி தொடங்கியது. 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. 1857-ல் சிப்பாய்க் கலகம் வெடித்தது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு என்றால் இவைதான்.

ஆனால் ஆமார் ஜீபனில் இவையெல்லாம் பெரிய செய்திகளாக வருவதில்லை. சட்டம் கல்கத்தாவில் எழுதப்பட்டது, அவருடைய வாழ்க்கையோ ராம்தியாவின் அடுப்பங்கரையில் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் வெறும் மைல் கணக்கு அல்ல. காலம் மாறுகிறது என்பது அவர் காதில் விழுந்ததே கிழவர்களின் முணுமுணுப்பாகத்தான். கலிகாலம் வந்துவிட்டது, இனிப் பெண்கள்தான் ஆண்கள் வேலையைச் செய்வார்கள், ராஜ்யத்தையே ஒரு பெண்தான் ஆளுகிறாள் என்று ஊர்ப் பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை அவர் பதிவு செய்கிறார். அவர்கள் சொன்னது விக்டோரியா ராணியை! அதைக் கேட்டு அவர் பயந்தும் போனார். பிற்காலத்தில் படிக்கும் பெண்களைப் பார்த்து மனம் நிறைந்தும் போனார்.

சீர்திருத்தத்தின் வரலாற்றைச் சட்டங்களையும் தலைவர்களையும் மட்டும் வைத்து எழுதினால், பெண்கள் என்பவர்கள் யாரோ வந்து காப்பாற்றும்வரை சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் என்ற எண்ணம் வந்துவிடும். ராசசுந்தரியை யாரும் வந்து காப்பாற்றவில்லை. பெத்யூன் பள்ளி திறப்பதற்குப் பத்து வருடங்களுக்கும் முன்பே அவர் படித்து முடித்துவிட்டார்.

அவருடைய பக்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் அவர் மரபை மீறியவர் மாதிரியே தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் கடவுளை வணங்குகிறார். ஆனால் மாமனார் வீட்டுக் கட்டளைக்கும் ஊர் வழக்கத்துக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்ற நம்பிக்கைதான் அந்த ஏட்டை உருவும் தைரியத்தை அவருக்குக் கொடுத்தது. குதிரைக்குப் பயந்த பெண்ணுக்கு அந்தத் தைரியம் வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

நூலுக்குப் பின்

அறுபது வயதைக் கடந்த நிலையில் 1876-ல் அச்சில் வந்த நூலை, மேலும் விரிவாக்கி இரண்டாம் பாகத்தையும் சேர்த்து 1897-ல் வெளியிட்டார். அப்போது வயது எண்பத்தெட்டு! ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் தாகூர் இந்த நூலுக்கு முன்னுரை எழுதினார். நல்ல பகுதிகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து, கடைசியில் புத்தகம் முழுவதும் பென்சில் கோடாகிவிட்டது என்று அதில் சொல்கிறார். இலக்கிய வரலாற்றாசிரியர் தினேஷ் சந்திர சென், இதில் பழைய காலத்துக் குடும்பப் பெண்ணின் இலட்சிய உருவத்தைக் கண்டு மகிழ்ந்தார். அதே புத்தகத்தை 1999-ல் மொழிபெயர்த்து விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் தனிகா சர்க்கார், அந்த அடக்கமான நடைக்குள் இருக்கும் கேள்விகளை வெளியே எடுத்துக் காட்டினார். ஒரே புத்தகத்தில் ஒருவருக்குப் பொறுமைசாலியும் இன்னொருவருக்குக் கேள்வி கேட்பவரும் தெரிகிறார்கள். உண்மையில் இரண்டு பேரும் ஒருவரேதான்.

கடிதம் எழுதச் சொல்லி அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்ட கிஷோரிலால் பின்னாளில் கல்கத்தா உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஆனார். அவருடைய மகள் சரளாபாலா சர்க்கார் வங்க மொழியில் கவிதைகளும் கட்டுரைகளும் எழுதிப் பெயர் பெற்றார். பாட்டி மாதிரி அவர் எதையும் ஒளித்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆமார் ஜீபன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. சிறிய புத்தகம்தான். கிடைத்தால் படித்துப் பாருங்கள். படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பாட்டியிடம், அவருடைய அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா, தெரியும் என்றால் எப்படிக் கற்றுக்கொண்டார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.